மார்மன் சமயத்தில் கறுப்பின மக்களின் ஆசாரியத்துவத் தடை: தோற்றமும் நீக்கமும் (1852–1978)

ஆய்வுச் சுருக்கம்

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு ஆசாரியத்துவத்தையும் முதன்மையான ஆலயச் சடங்குகளையும் 1852 முதல் 1978 வரை மறுத்தது. இத்தடை சபை நிறுவனரின் காலத்தில் இருந்ததற்கு நம்பத்தக்க சான்று இல்லை. இதனைத் தோற்றுவித்த வெளிப்படுத்தல் என ஓர் ஆவணமும் இல்லை. எனினும் இரண்டு தலைமுறைகளுக்குள் இது தொடக்கம் முதலே நிலவிய இறைநியமமாக நம்பப்பட்டது. இந்நம்பிக்கை உருவான முறையையும், சபையின் பதிவுகளே அதனைத் தளர்த்திய முறையையும் எலைஜா ஏபல், ஜேன் மேனிங் ஜேம்ஸ் ஆகிய இருவரின் வாழ்க்கையை மையமாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மார்மன் சமயம், ஆசாரியத்துவம், இனப்பாகுபாடு, எலைஜா ஏபல், ஜேன் மேனிங் ஜேம்ஸ், நிறுவன நினைவு.

முன்னுரை

சமய நிறுவனங்களில் ஒரு வழக்கம் தொடங்கிய காலமும், அது தொடங்கியதாக நம்பப்படும் காலமும் பல நேரங்களில் வேறுபடுகின்றன. இவ்வேறுபாட்டை ஆவணங்களைக் கொண்டு காண இடந்தரும் தெளிவான சான்றுகளுள் ஒன்று மார்மன் சமயத்தின் இனத்தடை ஆகும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1830ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் ஜோசப் ஸ்மித் இச்சபையை நிறுவினார். அதே ஆண்டில் வெளியான மார்மன் புத்தகத்தைச் சபையினர் விவிலியத்தோடு ஒத்த மறைநூலாக ஏற்றதால், இவர்கள் மார்மன்கள் எனப் பொதுவழக்கில் அழைக்கப்பட்டனர். சபை நிறுவப்பட்ட நாளிலேயே பதிவேடு ஒன்று பேணப்பட வேண்டும் என்னும் கட்டளை இவர்களது மறைநூலில் இடம்பெற்றுள்ளது. ஞானஸ்நானம், நியமனம், திருமணம் என ஒவ்வொன்றையும் எழுதி வைத்த சபை இது. அத்தகைய சபையே தன் பதிவேட்டில் உள்ள ஒரு பெயருக்கு எதிராகத் தன் நினைவை மாற்றிக்கொண்டது என்பதே இங்கு ஆராயத்தக்க செய்தியாகும்.

தடையின் உள்ளடக்கம்

மார்மன் சபையின் உள்ளூர்ப் பணிகளுக்கு ஊதியம் பெறும் தனிக் குருமார் இல்லை. இருபதாம் நூற்றாண்டு வழக்கப்படி, பன்னிரண்டு வயதை எட்டிய தகுதியுள்ள சிறுவன் ஆசாரியத்துவத்தின் முதற்படியைப் பெறுவான், வளர்ந்தபின் மூப்பராவான். திருவிருந்து வழங்குதல், ஞானஸ்நானம் கொடுத்தல், நோயுற்றோருக்காகக் கைவைத்து வேண்டுதல், சபையை வழிநடத்துதல் ஆகிய அனைத்தும் இவ்வுரிமையைச் சார்ந்தவை. பெண்களுக்கு ஆசாரியத்துவ நியமனம் இல்லை.

ஆலயச் சடங்குகளுள் இரண்டு முதன்மையானவை. தரிப்பித்தல் என்பது இறைவனுடன் உடன்படிக்கை செய்துகொள்ளும் சடங்கு. முத்திரித்தல் என்பது கணவன், மனைவி, பிள்ளைகள் ஆகியோரின் உறவை மரணத்திற்கு அப்பாலும் நிலைக்கச் செய்யும் சடங்கு. மறுமையில் மிக உயர்ந்த நிலையை அடைய இவ்விரண்டும் இன்றியமையாதவை என்பது சபையின் போதனை.

கறுப்பின மக்களுக்கு ஞானஸ்நானம் மறுக்கப்படவில்லை. அவர்கள் உறுப்பினராகலாம், வழிபாட்டில் கலந்துகொள்ளலாம். ஆனால் கறுப்பின ஆண்கள் ஆசாரியத்துவம் பெற இயலாது; ஆண், பெண் இருபாலாரும் தரிப்பித்தலையும் முத்திரித்தலையும் பெற இயலாது. ஆகவே இத்தடை பதவி மறுப்பாக மட்டும் அமையவில்லை. குடும்ப உறவு என்றென்றும் நிலைக்கும் என்று போதிக்கும் சபைக்குள், அந்நம்பிக்கையை முழுமையாக ஏற்றவர்களுக்கே அது மறுக்கப்பட்டது.

தடைக்கு முற்பட்ட காலம்

மார்மன் புத்தகம் இருவகையான பகுதிகளைக் கொண்டது. ஒரு மக்கட்கூட்டத்தின் கருத்த தோலைச் சாபத்தோடு தொடர்புபடுத்தும் பகுதிகள் அதில் உள்ளன. கறுப்பர், வெள்ளையர், அடிமை, சுதந்திரர் என்னும் வேறுபாடின்றி யாவரும் இறைவனிடம் வரலாம் என அறிவிக்கும் பகுதியும் உள்ளது. முதல்வகைப் பகுதிகள் அமெரிக்கத் தொல்குடியினரைக் குறிப்பனவாகவே பெரிதும் கொள்ளப்பட்டன. ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு ஆசாரியத்துவம் இல்லை என அந்நூல் எங்கும் கூறவில்லை.

எலைஜா ஏபல் மேரிலாந்தில் பிறந்த கறுப்பினத்தவர். தச்சுத் தொழில் அறிந்தவர். அவர் 1836ஆம் ஆண்டில் ஓகையோ மாநிலத்துக் கர்ட்லாந்து நகரில் மூப்பராக நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில் எழுபதின்மர் என்னும் மறைபரப்பு வகுப்பிலும் நியமனம் பெற்றார். நியூயார்க்கிலும் கனடாவிலும் மறைபரப்பாளராகப் பணியாற்றினார். மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவெல் நகரில் முடிதிருத்தும் தொழில் செய்தவரும் அடிமை ஒழிப்பு இயக்கத்தில் ஈடுபட்டவருமான வாக்கர் லூயிஸ் 1840களின் முற்பகுதியில் மூப்பரானார்.

இக்காலத்தை முழுமையான சமத்துவக் காலம் என மதிப்பிடுதல் பொருந்தாது. மிசூரி மாநிலத்தில் 1833ஆம் ஆண்டில் சபை இதழ் ஒன்று, விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் குடியேற்றம் குறித்து எழுதியது. அண்டை வாழ் மக்கள் அதனைக் கறுப்பர்களுக்கான அழைப்பாகக் கொண்டு மார்மன்களைத் தாக்கினர். 1836ஆம் ஆண்டில் ஸ்மித் அடிமை ஒழிப்பு இயக்கத்திற்கு எதிராக எழுதினார். ஆயினும் 1844ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நின்றபோது, அரசு நிலங்களை விற்ற பணத்தால் அடிமைகளின் உரிமையாளர்களுக்கு ஈடு வழங்கி 1850ஆம் ஆண்டிற்குள் அடிமைமுறையை ஒழிக்கலாம் என அறிவித்தார். அவருடைய நிலைப்பாடு ஒரே சீராக இருக்கவில்லை. ஆனால் அவர் காலத்தில் இனத்தைக் காரணங்காட்டி ஆசாரியத்துவம் மறுக்கப்பட்டதற்கு நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை.

தடை தோன்றிய சூழல்

ஸ்மித் 1844ஆம் ஆண்டு ஜூன் மாதம் வன்முறைக் கும்பலால் கொல்லப்பட்டார். சபையின் பெரும்பகுதியினர் பிரிகாம் யங்கின் தலைமையில் மேற்கு நோக்கிப் புலம்பெயர்ந்தனர். வழியில் அமைந்த குளிர்காலக் குடியிருப்பில், 1847ஆம் ஆண்டு மார்ச் மாதம், வில்லியம் மெக்கேரி என்னும் இசைக்கலைஞர் தம் இனத்தின் பொருட்டுத் தாம் இழிவுபடுத்தப்படுவதாக யங்கிடம் முறையிட்டார். யங் அவருக்கு விடையளிக்கையில், லோவெலில் உள்ள ஆப்பிரிக்கர் ஒருவர் சபையின் மிகச் சிறந்த மூப்பர்களுள் ஒருவர் எனப் பாராட்டிக் கூறினார். அவர் குறித்தது வாக்கர் லூயிஸை. தடையின் பிற்கால ஆதரவாளர் எவரும் எளிதில் கடந்துசெல்ல இயலாத சான்று இது.

அடுத்த சில மாதங்களில் நிலைமை மாறியது. வெள்ளையினப் பெண்ணை மணந்திருந்த மெக்கேரி, பலதார மணத்தோடு கூடிய தனிக்குழுவொன்றைத் தொடங்கியதால் பெருங்கலக்கம் ஏற்பட்டது. லூயிஸின் மகன் வெள்ளையினப் பெண்ணை மணந்த செய்தியும் அதே ஆண்டின் இறுதியில் யங்கை எட்டியது. இனக்கலப்பு மணம் பற்றிய அச்சமே தடையின் உடனடிப் பின்னணியாக இருந்தது என இவற்றைக் கொண்டு அறியலாம்.

யூட்டாவிற்குத் தென்மாநில மார்மன்கள் சிலர் தம் அடிமைகளுடன் வந்தனர். 1847ஆம் ஆண்டு ஜூலையில் உப்பு ஏரிப் பள்ளத்தாக்கில் நுழைந்த முன்னணிக் குழுவில் கிரீன் ஃபிளேக், ஹார்க் லே, ஆஸ்கர் கிராஸ்பி என்னும் மூன்று கறுப்பின அடிமைகள் இருந்தனர். யூட்டா ஆட்சிப்பகுதியின் சட்டமன்றம் 1852ஆம் ஆண்டில் அடிமைப்பணிக்குச் சட்ட ஏற்பளித்தது. சபைத் தலைவராகவும் ஆட்சிப்பகுதியின் ஆளுநராகவும் இருந்த யங், அதே கூட்டத்தொடரில் ஆற்றிய உரையில், காயீனின் சந்ததியினரான ஆப்பிரிக்கர் ஆசாரியத்துவம் பெற இயலாது என அறிவித்தார். அப்போஸ்தலர் ஆர்சன் பிராட் அடிமைச் சட்டத்தை எதிர்த்ததோடு கறுப்பினத்தவர்க்கு வாக்குரிமை வழங்கப்படுவதையும் ஆதரித்தார். ஜார்ஜ் வாட் சுருக்கெழுத்தில் பதிந்த அக்கூட்டத்தொடர் உரைகள் நம் காலத்தில் பெயர்த்தெழுதப்பட்ட பின்னரே இவ்விவாதத்தின் முழுவடிவம் தெரியவந்தது.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. ஒன்று, தடை சட்டமன்றத்தில், அடிமைமுறை குறித்த விவாதத்தின் நடுவே வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. மற்றொன்று, காயீன், காம் ஆகியோரின் சாபத்தைக் கறுப்பின மக்களோடு இணைக்கும் விளக்கம் மார்மன்களின் கண்டுபிடிப்பன்று. ஆதியாகமத்தில் காயீனுக்கு இடப்பட்ட அடையாளம் தோல் நிறம் எனச் சொல்லப்படவில்லை; நோவாவின் சாபமும் காமின் மகனான கானான் மீதே விழுகிறது. எனினும் அடிமைமுறையை ஆதரித்த அமெரிக்கப் புராட்டஸ்டன்ட் மரபில் இவ்விளக்கம் பரவலாக வழங்கியது. மார்மன்கள் அதனைப் பெற்று ஆசாரியத்துவத்தோடு இணைத்தனர்.

மற்றொரு சூழலும் உண்டு. பலதார மணத்தின் காரணமாக மார்மன்களையே தாழ்ந்த தனியினமாகக் காணும் போக்கு அக்கால அமெரிக்காவில் இருந்தது. படை மருத்துவரான ராபர்ட்ஸ் பார்த்தலோ, மார்மன்களிடையே புதியதோர் உடலமைப்பு உருவாகி வருவதாக அரசுக்கு அறிக்கை அளித்தார். வரலாற்றறிஞர் பால் ரீவ் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், தம் வெள்ளையின அடையாளம் ஐயத்திற்குள்ளான நிலையில், மார்மன்கள் கறுப்பினத்தவரிடமிருந்து விலகியே அதனை உறுதிப்படுத்த முயன்றனர் என நிறுவுகிறார்.

அதே நிறுவனரையும் மார்மன் புத்தகத்தையும் ஏற்று, யங்கின் தலைமையை ஏற்காத கிளைச்சபை ஒன்று ஸ்மித்தின் மகனான மூன்றாம் ஜோசப் ஸ்மித்தின் தலைமையில் இயங்கியது. அச்சபை 1865ஆம் ஆண்டில் கறுப்பின ஆண்களை நியமிக்கலாம் என்னும் வெளிப்படுத்தலை ஏற்றது. பொதுவான மறைநூல் மட்டும் தடைக்குக் காரணமாகாது என்பதற்கு இவ்வொப்பீடு சான்றாகும்.

ஏபலும் ஜேன் ஜேம்சும்: பதிவும் மறதியும்

தடை அறிவிக்கப்பட்ட அடுத்த ஆண்டில் ஏபல் யூட்டாவிற்கு வந்தார். அவருடைய ஆசாரியத்துவம் பறிக்கப்படவில்லை. ஆனால் தரிப்பித்தலும் முத்திரித்தலும் வேண்டிய அவரது விண்ணப்பம் மறுக்கப்பட்டது. 1879ஆம் ஆண்டில் சபைத்தலைவர் ஜான் டெய்லரின் காலத்தில் இச்சிக்கல் விசாரணைக்கு வந்தது. கறுப்பினத்தவர்க்கு ஆசாரியத்துவ உரிமை இல்லை என 1834ஆம் ஆண்டிலேயே ஸ்மித் தம்மிடம் கூறியதாக ஸெபெடி கோல்ட்ரின் சாட்சி சொன்னார். ஆனால் 1836ஆம் ஆண்டு டிசம்பரில் ஏபலை எழுபதின்மர் வகுப்பில் நியமித்தவர் அதே கோல்ட்ரின்தான். அப்போஸ்தலர் ஜோசப் எஃப். ஸ்மித் ஏபலை நேரில் கண்டு, அவருடைய நியமனச் சான்றிதழ்களைப் பார்த்து, கோல்ட்ரினின் கூற்று பொருந்தாது எனச் சபை அவையில் தெரிவித்தார். ஏபலின் நியமனம் செல்லுபடியாக நின்றது. ஆயினும் அது தடையை ஐயுறுவதற்குரிய சான்றாக எடுத்துக்கொள்ளப்படாமல் ஒரு விதிவிலக்காக ஒதுக்கப்பட்டது. முதுமையிலும் மறைபரப்புப் பயணம் மேற்கொண்ட ஏபல் 1884ஆம் ஆண்டு டிசம்பரில் இறந்தார்.

அதே டிசம்பரில் மற்றொரு விண்ணப்பம் டெய்லருக்கு எழுதப்பட்டது. அதனை அனுப்பியவர் ஜேன் மேனிங் ஜேம்ஸ். கனெக்டிகட் மாநிலத்தில் சுதந்திரக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்த இவர், 1843ஆம் ஆண்டில் சபையினர் வாழ்ந்த நாவூ நகருக்குப் புறப்பட்டார். வழியில் கப்பலில் இடம் மறுக்கப்பட்டதால் தம் குடும்பத்தினருடன் ஏறத்தாழ 800 மைல் நடந்தே சென்றார். அங்கு ஜோசப் ஸ்மித்தின் இல்லத்தில் தங்கிப் பணிபுரிந்தார். 1847ஆம் ஆண்டில் யூட்டாவை அடைந்த தொடக்ககாலக் குடியேறிகளுள் இவரும் ஒருவர். ஆபிரகாமின் வழியாக எல்லா மக்களினங்களும் ஆசி பெறும் என்றால் தமக்கு அதில் பங்கில்லையா என்பதே இவர் கடிதத்தின் சாரம். ஸ்மித்தின் மனைவி எம்மா முன்பு தம்மைக் குழந்தையாக ஏற்று முத்திரிக்க முன்வந்ததையும் இவர் எடுத்துரைத்தார். பல ஆண்டுகள் தொடர்ந்து விண்ணப்பித்தும் தரிப்பித்தல் கிடைக்கவில்லை.

1894ஆம் ஆண்டு மே மாதத்தில் இவருக்கெனத் தனிச் சடங்கொன்று நடத்தப்பட்டது. அதில் இவர் மகளாக ஏற்கப்படவில்லை. ஜோசப் ஸ்மித்தின் குடும்பத்திற்கு மறுமையிலும் பணியாளராக இணைக்கப்பட்டார். அச்சடங்கிற்கும் இவர் ஆலயத்தினுள் அனுமதிக்கப்படவில்லை. வேறொரு பெண் இவருக்குப் பதிலாக நின்றார். இவர் இதில் நிறைவடையாமல் மீண்டும் விண்ணப்பித்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

ஜேன் ஜேம்ஸ் 1908ஆம் ஆண்டு ஏப்ரலில் இறந்தார். அப்போது சபைத்தலைவராக இருந்த ஜோசப் எஃப். ஸ்மித் அவருடைய இறுதி வழிபாட்டில் உரையாற்றினார். அதே ஆண்டு ஆகஸ்டில் அவர், ஏபலின் நியமனத்தை நிறுவனர் ஸ்மித்தே செல்லாததென அறிவித்துவிட்டார் என அவையில் கூறினார். 29 ஆண்டுகளுக்கு முன் ஏபலின் சான்றிதழ்களைக் கண்டு அவர் பக்கம் பேசியவரும் இவரே. புதிய ஆவணம் எதுவும் இடையில் கிடைத்துவிடவில்லை. ஏபலும் கோல்ட்ரினும் ஜேன் ஜேம்சும் இறந்துவிட்டிருந்தனர். மறுத்துரைக்கும் சாட்சியர் இல்லாத நிலையில் தடை நிறுவனரின் காலத்திற்கே பின்னோக்கி நகர்த்தப்பட்டது.

காரணங்கள் பெருகிய விதம்

தடை முதலில் வந்தது. காரணங்கள் பின்னர் வந்தன. யங் காயீனின் சாபத்தைச் சுட்டினார். 1880ஆம் ஆண்டில் மறைநூல் தொகுதியில் சேர்க்கப்பட்ட ஆபிரகாம் நூலின் சில பகுதிகள் பின்னர் ஆதாரமாக எடுத்தாளப்பட்டன. மூன்றாவதாக, பிறப்பிற்கு முந்தைய ஆவி வாழ்வில் குறைவாக நடந்துகொண்டோரே கறுப்பினத்தில் பிறந்தனர் என்னும் விளக்கம் தோன்றியது. இது மறுபிறவிக் கொள்கை அன்று. ஒவ்வோர் ஆவியும் உலகில் ஒருமுறை பிறப்பதற்கு முன் இறைவனோடு வாழ்ந்தது என்னும் மார்மன் போதனையிலிருந்து கிளைத்தது. ஆவியுலகில் நடுநிலை வகித்தோர் கறுப்பராயினர் என்னும் கருத்தை யங்கே 1869ஆம் ஆண்டில் மறுத்திருந்தார். எனினும் 1949ஆம் ஆண்டில் பிரதான தலைமை வெளியிட்ட அறிக்கை, தடையை இறைக்கட்டளை என உறுதிப்படுத்தியதோடு, பிறப்பிற்கு முந்தைய நடத்தையையும் விளக்கமாக முன்வைத்தது. ஒரு காரணம் வலுவிழக்கும்போது மற்றொன்று அதன் இடத்தைப் பிடித்தது. தடை மட்டும் மாறாமல் நின்றது.

எல்லை கடந்த சபையும் தடையின் நெருக்கடியும்

சபை அமெரிக்காவிற்கு வெளியே பரவியபோது தடையை நடைமுறைப்படுத்துவதே கடினமாயிற்று. தென்னாப்பிரிக்காவில் ஆண் உறுப்பினர் தம் மூதாதையர் ஆப்பிரிக்கர் அல்லர் என வம்சாவளிச் சான்று காட்ட வேண்டியிருந்தது. சபைத்தலைவர் டேவிட் மெக்கே 1954ஆம் ஆண்டில் இந்நிபந்தனையை நீக்கினார். இனக்கலப்பு மிகுந்த பிரேசிலில் யார் ஆப்பிரிக்க வம்சாவளியினர் என வரையறுப்பது இயலாததாயிற்று. இந்நிலையில் 1975ஆம் ஆண்டில் சாவோ பாவ்லோ நகரில் ஆலயம் எழுப்பும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டில் சபையில் சேர்ந்த கறுப்பினத்தவரான ஹெல்வெசியோ மார்ட்டின்ஸ் அவ்வாலயத்தின் மக்கள் தொடர்புப் பணியில் ஈடுபட்டார். ஆனால் அதன் சடங்குகளில் பங்குபெறும் உரிமை அவருக்கு இல்லை.

நைஜீரியாவிலும் கானாவிலும் மறைபரப்பாளர் எவரும் செல்லாமலேயே, நூல்களைப் படித்து மார்மன் நம்பிக்கையை ஏற்ற குழுக்கள் தோன்றின. கானாவில் ஜோசப் வில்லியம் பில்லி ஜான்சன் 1964ஆம் ஆண்டு முதல் இத்தகைய சபைகளை நடத்தினார். நைஜீரியாவிற்கு மறைபரப்பாளரை அனுப்பும் முயற்சி, தடை பற்றிய செய்தி அந்நாட்டு இதழில் வெளியானதைத் தொடர்ந்து, நுழைவிசைவு மறுக்கப்பட்டுத் தடைப்பட்டது.

அமெரிக்காவிலும் எதிர்ப்பு வளர்ந்தது. 1969ஆம் ஆண்டு அக்டோபரில், சபைக்குரிய பிரிகாம் யங் பல்கலைக்கழகத்திற்கு எதிரான கால்பந்துப் போட்டியில் எதிர்ப்பைக் காட்ட எண்ணிய வயோமிங் பல்கலைக்கழகத்தின் கறுப்பின வீரர் 14 பேர் அணியிலிருந்து நீக்கப்பட்டனர். சபைக்குள் இருந்த கறுப்பின உறுப்பினர்களுக்காக 1971ஆம் ஆண்டில் ரஃபின் பிரிட்ஜ்ஃபோர்த் தலைமையில் ஜெனிசிஸ் குழு அமைக்கப்பட்டது.

ஆவண ஆய்வும் தடை நீக்கமும்

மருத்துவரான லெஸ்டர் புஷ் 1973ஆம் ஆண்டில் டயலாக் என்னும் ஆய்விதழில் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். ஏபலின் நியமனப் பதிவு, 1879ஆம் ஆண்டு விசாரணை, பிற்கால அவைக்குறிப்புகள் ஆகியவற்றைக் காலவரிசையில் வைத்து, தடையை ஜோசப் ஸ்மித்தின் காலத்திற்குக் கொண்டுசெல்லச் சமகாலச் சான்று இல்லை என அவர் காட்டினார். தொடக்கம் முதல் இருந்தது என்பதே தடையின் முதன்மையான வலிமையாகக் கருதப்பட்ட நிலையில், இம்முடிவு அதன் அடித்தளத்தைத் தொட்டது.

சபைத்தலைவர் ஸ்பென்சர் கிம்பலும் அவருடன் கூடியிருந்த தலைவர்களும் 1978ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் உப்பு ஏரி நகர ஆலயத்தில் வேண்டுதல் செய்தபோது வெளிப்படுத்தல் பெற்றதாகச் சபை கூறுகிறது. தகுதியுள்ள ஆண் உறுப்பினர் அனைவரும் இன வேறுபாடின்றி நியமிக்கப்படலாம் என ஜூன் 9ஆம் நாள் அறிவிக்கப்பட்டது. ஜூன் 11ஆம் நாள் ஜோசப் ஃபிரீமன் மூப்பரானார். அதே ஆண்டு அக்டோபரில் சாவோ பாவ்லோ ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டது. நவம்பரில் நைஜீரியாவில் அந்தோணி ஒபின்னாவும் அவருடன் இருந்தோரும் ஞானஸ்நானம் பெற்றனர். மார்ட்டின்ஸ் 1990ஆம் ஆண்டில் சபையின் பொது அதிகாரிகளுள் முதல் கறுப்பினத்தவரானார். இன்று ஆப்பிரிக்காவில் சபை உறுப்பினர் இலட்சக்கணக்கில் உள்ளனர்.

1978ஆம் ஆண்டு அறிவிப்பு தடையை நீக்கியது. தடை ஏன் வந்தது என விளக்கவில்லை. முன்பு தாமும் பிறரும் சொன்னவற்றை மறந்துவிடுமாறு அப்போஸ்தலர் புரூஸ் மெக்கான்கி அவ்வாண்டு ஆகஸ்டில் ஆசிரியர்களிடம் கூறினார். மறக்கும்படி சொல்வதால் போதனைகள் மறைந்துவிடவில்லை. பழைய விளக்கங்கள் உறுப்பினரிடையே தொடர்ந்து வழங்கின. 2013ஆம் ஆண்டு டிசம்பரில் சபை வெளியிட்ட அதிகாரமுறைக் கட்டுரையே, தடையை யங்கின் 1852ஆம் ஆண்டு அறிவிப்போடு தொடர்புபடுத்தியது. கருத்த தோல் சாபத்தின் அடையாளம் என்பதையும், பிறப்பிற்கு முந்தைய நடத்தையின் விளைவு என்பதையும் வெளிப்படையாகக் கைவிட்டது. ஆயினும் தடை இறைவனிடமிருந்து வந்ததா, மனிதரின் பிழையா என்னும் வினாவிற்கு அக்கட்டுரை நேரடி விடை தரவில்லை. சபை முறையாக மன்னிப்புக் கோரவும் இல்லை.

முடிவுரை

ஆசாரியத்துவத் தடையின் வரலாற்றில் மூன்று நிலைகளைக் காணமுடிகிறது. முதலாவது, அடிமைமுறையும் இனக்கலப்பு அச்சமும் நிறைந்த அரசியற்சூழலில் தடை தோன்றியது. இரண்டாவது, அதற்கு மாறான சான்றாக நின்ற ஏபலின் நியமனம் முதலில் விதிவிலக்காகவும் பின்னர் செல்லாததாகவும் ஆக்கப்பட்டதன்வழித் தடை தொன்மை பெற்றது. மூன்றாவது, அழிக்கப்படாமல் எஞ்சிய பதிவுகளை ஆய்வாளர் மீண்டும் வாசித்தபோது அத்தொன்மை கலைந்தது.

இதனால் தடையை நீக்கியது ஆய்வு மட்டுமே எனக் கொள்ளலாகாது. மேற்கு ஆப்பிரிக்கரின் வேண்டுகோளும், பிரேசிலின் நடைமுறை நெருக்கடியும், அமெரிக்கக் குடியுரிமைப் போராட்டமும், கறுப்பின உறுப்பினரின் உறுதியும், சபைத்தலைமையின் சமய நம்பிக்கையும் அதில் பங்கு கொண்டன. ஆயினும் தடை எப்போதும் இருந்தது என்னும் வாதத்தை இனி எவரும் முன்வைக்க இயலாதபடி செய்தவை ஆவணங்களே. 2018ஆம் ஆண்டு முதல் யூட்டா பல்கலைக்கழகம் வெளியிட்டுவரும் எண்ணிமத் தரவுத்தளம், 1830 முதல் 1930 வரை ஞானஸ்நானம் பெற்ற கறுப்பின மார்மன்களை ஒவ்வொருவராகப் பெயருடன் மீட்டெடுத்து வருகிறது. ஏபலும் ஜேன் ஜேம்சும் தனித்த விதிவிலக்குகள் அல்லர், ஒரு சமுதாயத்தின் உறுப்பினர் என்பதை அத்தரவுத்தளம் காட்டுகிறது. எந்நிறுவனத்திலும் விதிவிலக்கு என ஒதுக்கப்பட்ட பெயர்களைத் தேடி, அவை விதியைப் பற்றி என்ன சொல்கின்றன எனக் கேட்பது பயனுள்ள ஆய்வுமுறை என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.